மாண்டலேவுக்கு மருத்துவக் குழு அனுப்பலாமா? ராணுவக் கூடார மருத்துவமனைகளின் அனுபவம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பர்மா காலனிப் பேத்தி, காரைக்குடி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

2025 மார்ச் 28ஆம் தேதி மியான்மரில் (பழைய பர்மாவில்) 7.7 அளவில் நிலநடுக்கம் என்று செய்தி வந்த உடனேயே எங்கள் காலனியில் நிதி திரட்டத் தொடங்கிவிட்டோம். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் மட்டும் கொடுக்கவில்லை. கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர் ஆச்சிமார்களும் தேடி வந்து கொடுத்தார்கள். "எங்கள் வீட்டுத் தேக்குத் தூண் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியாதா?" என்று ஓர் ஆச்சி கேட்டார். மாண்டலேயும் சகாயிங்கும் இடிந்து கிடந்த படங்களைப் பார்த்த எவரும் கையை மடக்கவில்லை.

இப்போது ஓய்வுபெற்ற மருத்துவர்கள் சிலர் சேர்ந்து, மாண்டலேயில் பத்து நாள் முகாம் நடத்தப் போகிறோம், விமானச் செலவையும் மருந்துச் செலவையும் உங்கள் நிதியிலிருந்து கொடுங்கள் என்கிறார்கள். அவர்கள் காட்டும் முன்மாதிரி நம் ராணுவம். ஆக்ராவிலிருந்து 118 பேர் கொண்ட ராணுவ மருத்துவக் குழு பறந்து போய் மாண்டலேயில் 60 படுக்கை மருத்துவமனை அமைத்ததே, இந்தியாவின் 'ஆபரேஷன் பிரம்மா' உதவிப் பணியின் ஒரு பகுதியாக. அந்த வழியில் நாமும் போகலாம் என்பது அவர்கள் எண்ணம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அயல்நாட்டுக்குப் போகும் ராணுவ மருத்துவக் குழுவால் எது முடிகிறது, எது முடிவதில்லை? பூகம்பம் நடந்து இரண்டு மாதம் ஆகப்போகும் நேரத்தில் நாம் அதைப் பின்பற்றுவது சரியா?

முன்னாள் ஹவில்தார், தேவகோட்டை

அம்மா, நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். காங்கோவில் ஐ.நா. பணிக்காகப் போய், கோமா நகரில் இருந்த இந்திய மருத்துவமனையில் வேலை பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கூடார மருத்துவமனை என்றதும் மக்களுக்கு டாக்டரும் மருந்தும்தான் நினைவுக்கு வருகின்றன. எங்கள் சரக்கில் மருந்துப் பெட்டி ஒரு பங்குதான். ஜெனரேட்டர், அதற்கு எரிபொருள், தண்ணீர் சுத்திகரிக்கும் சாதனம், கூடாரங்கள், ரேஷன், சமையல் பாத்திரம், கழிப்பிடம் அமைக்கத் தேவையான பொருள்கள், கத்தி கத்தரிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே இயந்திரம், இத்தனைக்கும் பழுது பார்க்க ஆட்கள். இறங்கிய இடத்தில் ஒரு குடம் தண்ணீர்கூட ஊராரிடம் கேட்கக் கூடாது என்பது முதல் பாடம். ஊரே தண்ணீருக்குத் தவிக்கும்போது உதவ வந்தவனும் அதில் பங்கு கேட்டால் அவன் அந்த ஊருக்குச் சுமை.

2023 பிப்ரவரி 6ஆம் தேதி துருக்கியில் பூகம்பம். 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவிலிருந்து 99 பேர் போனார்கள். ஹதாய் மாகாணத்து இஸ்கெந்தெருனில் 30 படுக்கை மருத்துவமனை. இரண்டு வாரத்துக்குள் 3,500க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை. எலும்பு, அறுவை, மயக்க மருந்து என்று துறைவாரியாக டாக்டர்கள் ஏற்கெனவே ஒரே அணியாகப் பழகியவர்கள். உத்தரவு வந்தால் சில மணி நேரத்தில் விமானத்தில் ஏறத் தயாராகப் பெட்டிகள் எப்போதும் கட்டியே இருக்கும். ஓய்வுபெற்ற பத்து டாக்டர்கள் சேர்ந்து போவதும் இதுவும் வேறு வேறு. அவர்கள் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பின்னால் தண்ணீரும் மின்சாரமும் யார் தருவார்கள் என்று கேட்கிறேன்.

இன்னொன்று. ஐ.நா. பணியில் இருக்கும் மருத்துவமனையின் முதல் கடமை அமைதிப்படை வீரர்களுக்குத்தான். ஊர் மக்களை உயிர் ஆபத்திலும், வசதி மிச்சம் இருக்கும்போதும் பார்ப்போம். வாசலுக்கு வரும் தாய்க்கு அந்த விதி தெரியாது. குழந்தையை நீட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் டாக்டர்கள் முடிந்தவரை யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால், நாங்கள் கேட்கும் கேள்வி மொழிபெயர்க்கும் இரண்டு பேர் வாய் மாறிப் போய், பதில் இரண்டு பேர் வாய் மாறி வரும். அந்த அவதி எனக்கு இன்னும் மறக்கவில்லை. உள்ளூர் ஆள் பக்கத்தில் இல்லாத மருத்துவம் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் மருத்துவம்.

செக்காலை டாக்டர்

ஹவில்தார் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மருத்துவக் கணக்கையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பூகம்பத்தில் இடிபாட்டில் சிக்கியவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள்தான் உயிர் காக்கும் நேரம். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் பொருள்கள் சிறுநீரகத்தை அடைத்துவிடும். அவர்களுக்கு உடனே ரத்தக் குழாய் வழியாகத் திரவமும், பலருக்கு டயாலிசிஸும் தேவை. வெளிநாட்டுக் குழு எவ்வளவு வேகமாகப் போனாலும் அந்தக் கட்டத்தில் பெரும்பாலான உயிர்களைக் காப்பவர்கள் உள்ளூர் மருத்துவர்களும் அக்கம்பக்கத்தாரும்தான். கூடாரம் எழும்பிய பிறகு வருவது உடைந்த எலும்பு, புண்ணில் சீழ், பிரசவம், சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோன முதியவர், காய்ச்சலில் குழந்தை. கூடாரத்தின் உண்மையான வேலை, இடிந்துபோன மாவட்ட மருத்துவமனை எழுந்து நிற்கும்வரை அதன் இடத்தில் நிற்பது.

2010 ஹைட்டி பூகம்பத்துக்குப் பிறகு உலகம் முழுவதிலிருந்தும் குழுக்கள் குவிந்தன. சிறந்த குழுக்களும் இருந்தன. தகுதி தெரியாத குழுக்களும் இருந்தன. எத்தனையோ கை கால்கள் அகற்றப்பட்டன, பலருக்குச் சரியான பதிவேடுகூட இல்லை. அந்தக் குழப்பத்திலிருந்துதான் 2013இல் உலக சுகாதார நிறுவனம் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கு வகைப்பாடு கொண்டுவந்தது. முதல் வகை நிலையான குழு நாளுக்குக் குறைந்தது 100 புறநோயாளிகளைப் பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்கு 20 படுக்கை, நாளுக்கு 7 பெரிய அறுவை அல்லது 15 சிறிய அறுவை. மூன்றாம் வகைக்கு 40 படுக்கையும் தீவிர சிகிச்சையும். தங்கும் காலமும் அதில் உண்டு: முதல் வகைக்கே இரண்டு வாரம், இரண்டாம் வகைக்கு மூன்று வாரம். நம் நண்பர்கள் சொல்லும் பத்து நாள் அந்த அளவுகோலின் முதல் படிக்கே எட்டவில்லை.

இன்றைக்கு மாண்டலேயில் யார் துன்பத்தில் இருப்பார்கள் என்று யோசியுங்கள். பூகம்பத்தில் காலெலும்பு உடைந்து, எலும்பில் துளையிட்டு வெளியே கம்பிச் சட்டம் பொருத்தப்பட்டவர்கள். அந்தக் கம்பி நுழையும் இடத்தைத் தினமும் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். எலும்பு கூடுகிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் கழித்துச் சட்டத்தைக் கழற்ற வேண்டும், சிலருக்கு மறுபடி அறுவை. போட்டவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். கழற்றப் போவது யார்? நிதியை வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

பள்ளத்தூர் வாசகர்

எல்லோரும் மருத்துவத்தை மட்டும் பேசுகிறீர்கள். சீருடையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அமெரிக்காவிடம் 'மெர்சி', 'கம்ஃபர்ட்' என்று இரண்டு மருத்துவக் கப்பல்கள், ஒவ்வொன்றிலும் 1,000 படுக்கை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியக் கரையில் மெர்சி நின்றபோது அமெரிக்கா மேல் அந்நாட்டு மக்களின் எண்ணம் மாறுவதைப் பார்த்தார்கள். 2006 முதல் 'பசிபிக் பார்ட்னர்ஷிப்' என்று வழக்கமான பயணத் திட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். சீனா 2008இல் 'அமைதிக் கலம்' என்ற 300 படுக்கைக் கப்பலைப் பணியில் சேர்த்தது. அதுவும் ஆப்பிரிக்காவையும் தீவு நாடுகளையும் சுற்றி வருகிறது. ஒரே தீவின் மக்கள் மனத்துக்கு இரண்டு வல்லரசுகள் போட்டி போடுகின்றன. வியட்நாம் போரில் அமெரிக்கப் படை கிராமம் கிராமமாக மருத்துவ முகாம் நடத்தியதும் மக்களைத் தன் பக்கம் இழுக்கத்தான். ஒரு நாள் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் நோய் அங்கேயே இருந்தது.

ராணுவக் குழு ஒரு நாட்டுக்குள் போக அந்த நாட்டு அரசு அழைக்க வேண்டும். ஆகவே அரசு காட்டும் இடத்தில்தான் கூடாரம் அடிக்க முடியும். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது சகாயிங். அந்தப் பகுதியில் பல இடங்கள் மியான்மர் ராணுவ ஆட்சியை எதிர்ப்பவர்கள் கையில் இருக்கின்றன. அங்கே எந்த நாட்டுச் சீருடையும் எளிதில் போக முடியவில்லை. காயம்பட்டவன் எந்தப் பக்கத்தவன் என்று பூகம்பம் பார்த்ததா? ராணுவத்தை முன்மாதிரியாக எடுக்கும் முன் இதையும் எண்ணுங்கள்.

முன்னாள் ஹவில்தார், தேவகோட்டை

பள்ளத்தூர்த் தம்பி, அரசு அழைக்காமல் செஞ்சிலுவைச் சங்கம்கூட எல்லா இடத்துக்கும் போய்விட முடியாது. அரசுகளுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். ஸ்ட்ரெச்சரைத் தூக்குபவனுக்கு அந்தக் கணக்கு கிடையாது. இரவு இரண்டு மணிக்கு ரத்தப் பிரிவு பார்த்து, பொருந்தினால் தன் கையை நீட்டிப் படுத்த சிப்பாய்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த நாட்டுக் கொள்கைக்காகவும் அவர்கள் அதைச் செய்யவில்லை.

கோட்டையூர்த் தமிழாசிரியர்

நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய ஒரு வரலாற்றை இங்கே எழுதிவைக்கிறேன். ஹவில்தார் குறிப்பிட்ட அதே 60ஆவது பாராசூட் பிரிவுதான் 1950இல் கொரியப் போருக்குப் போனது. இந்தியா அந்தப் போருக்குச் சண்டைப் படை அனுப்பவில்லை, மருத்துவப் பிரிவைத்தான் அனுப்பியது. அதற்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ்.

1950 நவம்பரில் புசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். கடும் குளிர். டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து எல்லாப் படைகளும் பின்வாங்கியபோது இவர்களுக்கு வாகனம் இல்லை. கருவிகளை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். கருவியில்லாத மருத்துவமனை எதற்கு என்று மறுத்து, கைவிடப்பட்ட ஒரு நீராவி ரயில் எஞ்சினைத் தேடிப் பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, நிலக்கரி தேடி, தாங்களே ஓட்டிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைக் கடந்தார்கள். அதன் பிறகு பாலம் தகர்க்கப்பட்டது. 1951 மார்ச் 23 அன்று முன்சான்னியில் அமெரிக்க வான்குடைப் படையோடு இப்பிரிவின் 12 பேர் குதித்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

இவற்றைவிட நான் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வது வேறு. பிரிவின் ஒரு பகுதி தேகு நகரில் தங்கி, அகதிகளால் நிறைந்திருந்த அந்த ஊரின் பொதுமக்களுக்கு வைத்தியம் பார்த்தது. 1954 வரை மூன்றரை ஆண்டு இருந்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்ததாகப் பதிவு.

ரங்கராஜின் பிற்கால வாழ்க்கை இன்னும் பெரியது. ராணுவத்துக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புப் பணிக்காக ஆப்கானிஸ்தான் போனார். சாலையே இல்லாத மலைக் கிராமங்கள். பெரியம்மைப் புண்ணிலிருந்து எடுத்ததையே ஆரோக்கியமானவர்களுக்கு ஏற்றும் பழைய முறை வைத்தியர்கள் அங்கே ஊர் ஊராகத் திரிந்தார்கள். அதனாலேயே நோய் புதிய இடங்களில் பரவியது. உள்ளூர்த் தடுப்பூசிக்காரர்களைப் பயிற்றுவித்து, வீடு வீடாக நுழைந்து, ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் அந்த நாட்டிலிருந்து பெரியம்மை போய்விட்டது. விமானத்திலிருந்து குதித்த அதே மனிதர், ஒரு நாட்டில் தங்கி வேலை செய்தபோது சாதித்தது இது. பேத்தி அம்மா, உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவர் வாழ்க்கைதான்.

வன்னியின் மகள்

இந்த இழையை மூன்று நாளாக வாசித்துவிட்டு இப்போதுதான் எழுதத் துணிகிறேன். தமிழ்நாட்டில்தான் இப்போது வாழ்கிறேன், காரைக்குடியில் வேலை.

2009இல் இலங்கைப் போரின்போது புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் காயம்பட்டவர்களை ஏற்றினார்கள். பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் நோயாளிகளும் உடன் வந்தவர்களுமாக 13,000க்கும் மேற்பட்டவர்கள் கடல் வழியாக வெளியேற்றப்பட்டார்கள். பலர் வந்து இறங்கிய இடம் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை. அங்கே மார்ச் மாதம் முதல் இந்திய ராணுவ மருத்துவர்களின் மருத்துவமனை இருந்தது. பிறகு அது செட்டிகுளம் முகாம்கள் பக்கம் மாறியது. செப்டம்பர் வரை 50,000க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தந்தார்கள்.

என் சித்தியின் காலைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். குண்டுச் சிதறல் இருந்த இடம் அழுகத் தொடங்கியிருந்தது. எங்கள் மொழி தெரிந்த ஒரு நர்சிங் அசிஸ்டென்ட், "அக்கா, பயப்படாதீர்கள், நான் மதுரைப் பக்கம்" என்று சொன்னதைச் சித்தி இன்றும் சொல்வார். அதே காலத்தில் அந்தப் போர் குறித்துப் புதுதில்லி எடுத்த நிலைப்பாடு எங்களில் எவருக்கும் ஆறாத புண். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க என்னால் முடியாது. பள்ளத்தூர் வாசகருக்கும் ஹவில்தார் ஐயாவுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

டாக்டர் கேட்ட 'கழற்றப் போவது யார்' என்ற கேள்விக்கு எங்கள் அனுபவம் ஒன்று உண்டு. கால் இழந்தவர்களுக்குப் புண் ஆறிய பிறகுதான் அடுத்த வாழ்க்கை தொடங்கும். 2010 மார்ச்சில் இந்திய உதவியோடு மெனிக் ஃபார்ம் முகாமில் ஜெய்ப்பூர் கால் முகாம் நடந்தது. சுமார் 1,400 பேருக்குச் செயற்கை உறுப்பு பொருத்தினார்கள். மருத்துவமனை கூடாரத்தைச் சுருட்டி ஆறு மாதம் கழித்து வந்த அந்த முகாமை எங்கள் ஆட்கள் பெரிதாக நினைக்கிறார்கள். செயற்கைக் காலும் தேயும், பிள்ளைகள் வளர்ந்தால் சிறிதாகிவிடும், மாற்ற ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒரு பட்டறை அருகில் இருந்தவர்கள் நடந்தார்கள். இல்லாதவர்கள் மறுபடி ஊன்றுகோலுக்குப் போனார்கள்.

பர்மா காலனிப் பேத்தி, காரைக்குடி

சகோதரி, உங்கள் பதிவை எங்கள் குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டினேன். நன்றி.

என் பாட்டி 1942இல் கால்நடையாக வந்தவர். தமூ, பாலேல், இம்பால் வழியாகத் திமாப்பூர். வழியில் வாந்திபேதியும் மலேரியாவும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றன. அந்தப் பாதையில் அசாம் தேயிலைத் தோட்டக்காரர்களும் ராணுவத்தாரும் வைத்திருந்த முகாம்களில் கிடைத்த கஞ்சியும் ஊசியும்தான் தன்னை இந்தப் பக்கம் சேர்த்தன என்பார். ஆகவே வழியில் நின்று ஒரு நாள் உதவுபவர்களை நான் ஒருபோதும் சிறிதாக எண்ணமாட்டேன். ஆனால், ஊரை விட்டு ஓடுகிறவருக்குத் தேவையானது வேறு, இடிந்த ஊரிலேயே வாழ வேண்டியவருக்குத் தேவையானது வேறு என்று இப்போது படுகிறது.

ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர், கண்டனூர்

முகாமுக்குப் போக விரும்பும் குழுவில் நானும் ஒருவன். என் பக்கத்தையும் கேளுங்கள்.

குறுகிய முகாம் எல்லாமே வீண் என்று முடிவு கட்டாதீர்கள். கண்புரை, குடலிறக்கம், உதட்டுப் பிளவு இவற்றை ஒரு முறை சரியாகச் செய்தால் வாழ்நாள் முழுக்கப் பலன். மருத்துவக் கப்பல்களும் இவற்றைத்தான் அதிகம் செய்கின்றன. மியான்மரில் 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு எத்தனையோ மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளை விட்டு வெளியேறியிருக்கிறார்கள். கைகள் குறைவாக இருக்கும் இடத்துக்கு நாற்பது வருட அனுபவமுள்ள கைகள் போவதைத் தடுக்காதீர்கள். நாங்கள் படம் எடுத்துக்கொள்ளப் போகவில்லை. எங்கள் வயதில் இனி எதற்கு அது?

செக்காலை டாக்டர்

ஐயா, உங்களிடம் பயிற்சி பெற்ற தலைமுறை நாங்கள். உங்கள் நோக்கத்தை யாரும் இங்கே சந்தேகிக்கவில்லை.

கண்புரையையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் நடக்கும் கண் முகாம்களை நாம் பார்த்துத்தானே இருக்கிறோம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை முகாமில் பரிசோதனை மட்டும் செய்கிறது. அறுவை தேவைப்படுபவர்களைப் பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்கே அழைத்துப் போய், முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. பிறகு மறுபரிசோதனைக்கு அதே ஊருக்கு வருகிறது. கிருமி நீக்கிய அறையும் மறுபரிசோதனையும் இல்லாமல் கண்ணில் கத்தி வைக்கக் கூடாது என்று அனுபவத்தில் கண்டதால்தான் இந்த முறை. கண்ணுக்குள் கிருமி நுழைந்தால் அறிகுறி சில நாளில் தெரியும். பத்தாம் நாள் நீங்கள் விமானத்தில் இருக்கும்போது ஒருவருக்குக் கண் சிவந்தால் அவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

மருந்து மூட்டையோடு போய்ப் பாரசிட்டமாலும் சத்து மாத்திரையும் கொடுத்துத் திரும்பும் முகாமாக இது சுருங்கிவிடக் கூடாது என்பதே என் கவலை. மழைக்காலமும் அங்கே தொடங்கிவிட்டது.

பள்ளத்தூர் வாசகர்

ஒரு ஒப்பீடு. 1998இல் 'மிட்ச்' புயல் மத்திய அமெரிக்காவைச் சிதைத்தபோது கியூபா டாக்டர்களை அனுப்பியது. ஹோண்டுராஸ், குவாத்தமாலா மலைக் கிராமங்களில் அவர்கள் முகாம் நடத்திவிட்டுத் திரும்பவில்லை. ஆள் மாற்றி ஆள் வந்து வருடக்கணக்கில் தங்கினார்கள். அந்த நாடுகளின் ஏழைப் பிள்ளைகளுக்கு ஹவானாவில் இலவசமாக மருத்துவம் படிக்க 1999இல் ஒரு கல்லூரியும் திறந்தார்கள். கியூப அரசுக்கும் கணக்கு உண்டு, அது வேறு பேச்சு. ஆனால் ஊருக்கு ஒரு டாக்டர் மிஞ்சினாரா இல்லையா என்று பாருங்கள்.

புதுவயல் பண்ணை

எனக்கு டாக்டர்கள் பேசும் அளவுக்கு விவரம் இல்லை. ஆடு மாடு வளர்ப்பவன். தெற்கு சூடானில் மலக்கால் என்ற ஊரில் இந்திய அமைதிப்படை கால்நடை மருத்துவர்களையும் வைத்திருக்கிறது என்று படித்தேன். அந்த ஊர் மக்களுக்கு மாடுதான் சொத்து, சீர், பசிக்குப் பால். அவர்களுடைய மாடுகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கிறார்கள். மக்களுக்கு எது உயிர் என்று தெரிந்து செய்த உதவி என்று எனக்குத் தோன்றியது. மாண்டலே மக்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? இந்த இழையில் அந்தக் குரல் மட்டும் இல்லை.

பர்மா காலனிப் பேத்தி, காரைக்குடி

பண்ணை அண்ணன் கேட்டது நெஞ்சில் தைத்தது. நேற்று மாண்டலேயில் இருக்கும் எங்கள் உறவுக்காரத் தமிழ்க் குடும்பத்தோடு பேசினேன். பர்மியர் நடத்தும் ஒரு சிறிய மருத்துவமனையின் நர்ஸ் அம்மாவையும் அவர்கள் பேச வைத்தார்கள். அவர் டாக்டர் வேண்டும் என்று கேட்கவில்லை. கட்டுத் துணி, கிருமிநாசினி, ஜெனரேட்டருக்கு டீசல், எக்ஸ்ரே எடுக்க நோயாளிகளை ஏற்றிப் போக வண்டிச் செலவு, இவற்றோடு உடற்பயிற்சி சிகிச்சை தெரிந்த ஓர் ஆளுக்கு ஒரு வருடச் சம்பளம். கேட்டது அவ்வளவுதான். ராணுவக் குழுவைப் பற்றியும் விசாரித்தேன். நல்லவர்கள், இரவும் பகலும் பார்த்தார்கள், எங்கள் ஆட்கள் சிலருக்கு அவர்கள் கொடுத்த சீட்டை வைத்துத்தான் இப்போது மருந்து தொடர்கிறோம் என்றார்.

அந்தச் சீட்டு என்பது என்ன, ஹவில்தார் ஐயா?

முன்னாள் ஹவில்தார், தேவகோட்டை

நோயாளியின் பெயர், என்ன அடி, என்ன செய்தோம், என்ன மருந்து, எந்தத் தேதியில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கையில் கொடுப்பது. கூடாரத்தைச் சுருட்டும் முன் படுக்கையில் இருப்பவர்களை உள்ளூர் மருத்துவமனைக்கு ஒவ்வொருவராக ஒப்படைக்க வேண்டும். மீதி மருந்தையும் சில கருவிகளையும் அவர்களிடமே விட்டு வருவது உண்டு. ஒப்படைக்கும் அந்தக் கடைசி இரண்டு நாள் வேலைதான் எங்களுக்கு மிகவும் கடினம். அறுவையைவிடக் கடினம். நோயாளி நம் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்.

ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர், கண்டனூர்

அந்த நர்ஸ் அம்மா கேட்ட பட்டியல் எனக்குப் போதும். எங்கள் விமானச் செலவுக்கு நினைத்த தொகையை அதற்கே கொடுத்துவிடுங்கள். நான் வேறொரு வழி சொல்கிறேன். அவர்கள் எடுக்கும் எக்ஸ்ரே படங்களைக் கைப்பேசியில் அனுப்பட்டும். வாரத்தில் இரண்டு மாலை நானும் மற்ற இரண்டு எலும்பு மருத்துவர்களும் உட்கார்ந்து பார்த்து, சட்டத்தை எப்போது கழற்றலாம், யாரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று அங்கிருக்கும் டாக்டரோடு பேசுகிறோம். முடிவு அவருடையது, நாங்கள் துணைக்கு. பர்மிய மொழியும் தமிழும் தெரிந்தவர்கள் உங்கள் காலனியில் இன்னும் இருப்பார்களே, அவர்களில் ஒருவரை எங்களோடு உட்காரச் சொல்லுங்கள்.

பர்மா காலனிப் பேத்தி, காரைக்குடி

இருக்கிறார்கள் ஐயா. என் பெரியத்தை இன்றும் பர்மிய மொழியில்தான் கணக்குப் போடுவார். இந்த வேலை கிடைத்தால் அவருக்குப் பத்து வயது குறையும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இந்த இரண்டையும் முன்வைக்கிறேன்: நர்ஸ் அம்மாவின் பட்டியலுக்குப் பணம், வாரம் இரண்டு மாலை எக்ஸ்ரே. வங்கி வழியாகச் சட்டப்படி அனுப்பும் முறையை ஆடிட்டரிடம் கேட்டு எழுதுகிறேன்.

பிளஸ் டூ மாணவி, ஆத்தங்குடி

எல்லாப் பதிவையும் படித்தேன். ஹவில்தார் தாத்தா, எனக்கு நர்ஸாக ராணுவத்தில் சேர ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன படிக்க வேண்டும், எப்படிச் சேர வேண்டும்?

முன்னாள் ஹவில்தார், தேவகோட்டை

வாழ்க, அம்மா. ராணுவ நர்சிங் சர்வீஸ் என்று தனிப் பிரிவே இருக்கிறது. அதில் சேரும் பெண்கள் அதிகாரி அந்தஸ்தில்தான் பணி தொடங்குகிறார்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் எடுத்திருக்க வேண்டும். நீட் தேர்வு எழுத வேண்டும். அந்த மதிப்பெண்ணை வைத்து அழைப்பார்கள், பிறகு கணினித் தேர்வு, நேர்காணல், உடல் தகுதிப் பரிசோதனை. தேர்வானால் ராணுவ மருத்துவமனைகளோடு இணைந்த நர்சிங் கல்லூரிகளில் நான்கு வருடம் பி.எஸ்சி. நர்சிங். புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியிலும் அந்தப் படிப்பு உண்டு. படித்து முடித்தால் குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை வீட்டில் முன்பே சொல்லிவிடு. விண்ணப்ப அறிவிப்பு ராணுவத்தின் இணையதளத்தில் வரும், இடைத்தரகர் யாருக்கும் பணம் கொடுக்கக் கூடாது. அப்பாவையும் அம்மாவையும் ஒரு நாள் தேவகோட்டைக்கு அழைத்து வா, நான் பேசுகிறேன். உயிரியல் பாடத்தை இப்போதே ஒழுங்காகப் படி.